பணிப்பாளரின் செடிகளுக்குத் தண்ணீர்

நீல நிறச் சவர்க்காரப் பெட்டி ஒன்று. அதன் மூடியில் சூடாக்கிய கம்பியால் துளைத்த மூன்று ஓட்டைகள். ஓர் ஓட்டையில் கடுகளவு சிவப்பு விளக்கு, மற்ற இரண்டிலிருந்தும் வயர்கள். ஒரு சோடி வயர் பூச்சாடி மண்ணுக்குள் குத்தியிருந்த சைக்கிள் சக்கரக் கம்பிகளுக்குப் போகும். மற்றச் சோடி, வாகனக் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற சின்ன மோட்டருக்கு. மண் காய்ந்தால் விளக்கு எரியும், மோட்டர் உறுமும், சாடிக்குத் தண்ணீர் போகும். நனைந்ததும் தானாக நின்றுவிடும். என் அத்தான் செய்தது. இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போதும் எனக்குத் துக்கம் வருவதில்லை. கோபம்தான் வருகிறது. அது ஆறிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அத்தான் என் அக்காவின் கணவர். குருக்கள்மடத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்வட்டை ஒன்றில் பழுதான தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். தேற்றாத்தீவில் வீட்டில் அக்கா இருந்தாள். மூன்றாம் நாள்தான் அவளைக் கண்டெடுத்தோம். கடையும் போய், வீடும் போய், அகதிமுகாமின் தகரக் கொட்டில் ஒன்றில் அத்தான் தனியாக இருந்தார். மட்டக்களப்பு நகரில் ஒரு வெளிநாட்டு நிவாரண அலுவலகத்தில் நான் தட்டெழுத்து வேலை பார்த்தேன். கெஞ்சிக் கேட்டு அவரை அங்கே ஜெனரேட்டர் பார்க்கும் நாட்கூலியாளாகச் சேர்த்துவிட்டவள் நான்தான்.

அலுவலகத்தின் பணிப்பாளர் வெளிநாட்டுக்காரர். கெட்டவர் என்று அப்போது யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எல்லாரையும் பெயர் சொல்லி விசாரிப்பார், முகாம்களில் குழந்தைகளைத் தூக்கிக்கொள்வார். அவருக்குச் செடி என்றால் உயிர். அறைக்குள் அந்தூரியம், மணிபிளான்ட், பன்னம் என்று எட்டுச் சாடிகள் வைத்திருந்தார். குளிரூட்டி பகல் முழுக்க ஓடுவதால் மண் சீக்கிரம் காய்ந்துவிடும். அவர் கொழும்புக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டு வந்தால் இலைகள் சுருண்டு கிடக்கும். ஒருநாள் அத்தானைக் கூப்பிட்டு, தானாகவே தண்ணீர் விடும் கருவி ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். அக்கா போனபிறகு அத்தானின் முகத்தில் வெளிச்சம் வந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

முதலில் மண்ணுக்குள் செப்புக் கம்பி வைத்தார். இரண்டு கிழமையில் அது பச்சை பூத்து அரித்துப்போனது. ஆணி வைத்தார், துருவேறியது. கடைசியில் பளபளப்பான சைக்கிள் கம்பிகள் சரிவந்தன. டிரான்சிஸ்டர் ஒரு செத்த ரேடியோவிலிருந்து வந்தது, பற்றரி ஒரு மோட்டார்சைக்கிளிலிருந்து. எல்லாம் பொருத்தி ஒரு மாதம் ஓடியபிறகு செடிகள் வாடத் தொடங்கின. விளக்கு எரியவே இல்லை. அத்தான் சாடியிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"உப்பு, புள்ள. கிணத்துல கடல் இன்னும் கிடக்கு. உப்பு மண்ணுல கொஞ்ச ஈரம் இரிந்தாலும் கறண்ட் நல்லாப் பாயும். மண் நனைஞ்சிருக்கு எண்டு இது நம்பிரும்."

பணிப்பாளரிடம் போய்ச் சொன்னோம். அவர் யோசிக்கவே இல்லை. குடிப்பதற்கு வரும் பெரிய போத்தல் தண்ணீரையே செடிகளுக்கும் வைக்கச் சொன்னார். அத்தானின் முகாமில் அப்போது பவுசர் லொறி வந்தால்தான் தண்ணீர். "விடிய எழும்பி ரெண்டு குடத்துக்கு ஒரு மணித்தியாலம் நிண்டிட்டு வாறன்" என்று ஒரு காலையில் போத்தலைக் கவிழ்த்தபடி சொன்னார். நான்தான் பல்லைக் கடித்தேன். கடித்ததோடு சரி. தட்டெழுத்துப் பொறிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கருவி அப்புறம் ஒரு நாளும் பிசகவில்லை. கொழும்பிலிருந்து வருகிற விருந்தாளிகளுக்குப் பணிப்பாளர் அதை ஓடவிட்டுக் காட்டுவார். படம் எடுத்தார். தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றார். அந்த இரண்டாவது கருவியை முகாமில் வைத்துச் செய்து, பையில் போட்டுக்கொண்டு அத்தான் பஸ் ஏறிய காலையில், நகருக்குள் நுழைகிற சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அவருடைய பைக்குள் பற்றரி, வயர், சிவப்பு விளக்கு வைத்த பெட்டி. அது எந்தக் காலம் என்று எங்கள் பக்கத்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சண்டை வாவிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. தேங்காய் கொண்டுபோனவனைக்கூட உடைத்துக் காட்டச் சொன்ன நாட்கள். செடிக்குத் தண்ணீர் விடுகிற சாமான் என்று அத்தான் சொன்னபோது சாவடிக்காரர்கள் சிரித்துவிட்டு, குண்டு என்று அவரைப் பொலிஸில் ஒப்படைத்தார்களாம்.

மத்தியானத்துக்குள் பொலிஸிலிருந்து அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நான் தாளைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வரியில் முடிந்துவிடும், பின்னேரம் அத்தான் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல என் விரல்கள் அடித்தன. குறித்த நபர் நாட்கூலி அடிப்படையில் அவ்வப்போது வேலை செய்தவர். அவரிடமிருந்த கருவி பற்றி எமது நிறுவனத்துக்கு எதுவும் தெரியாது.

நான் நிறுத்தினேன். "சேர், அது உங்கட வீட்டுக்குத்தானே கொண்டுவந்தவர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த அலுவலகத்தை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது, பார். ஒருவருக்காக எல்லாவற்றையும் மூடவைக்க முடியாது. எப்படியும் அவரை விட்டுவிடுவார்கள்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மூலையில் விளக்கு எரிந்தது. மோட்டர் உறுமி அந்தூரியத்துக்குத் தண்ணீர் விட்டது. இருவரும் அதைக் கேட்டோம். நான் கடிதத்தை அடித்து முடித்தேன். அவர் ஒப்பமிட்டார். என் கோபத்தில் பாதி அவர்மேல் என்றால் மறுபாதி யார்மேல் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அத்தானை விடவில்லை. ஐந்தாம் நாள், பணிப்பாளர் இல்லாத நேரத்தில் அலுவலகக் கருவியைக் கழற்றி, ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்து, ஒரு மணிபிளான்ட் சாடியையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வாசலில் மூன்று தடவை சோதித்தார்கள். அதிகாரியின் மேசையில் சாடியை வைத்து, மோட்டரின் குழாயைப் போத்தலுக்குள் விட்டு, வயர்களைப் பொருத்தினேன். மண் ஈரமாக இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பிகளை மண்ணிலிருந்து உருவினேன். விளக்கு எரிந்து, மோட்டர் பாய்ச்சிய தண்ணீர் அவருடைய பைல்களின்மேல் விழுந்தது. கம்பிகளைத் திரும்பக் குத்தியதும் நின்றது. அவர் சிரித்துவிட்டார். தானும் ஒரு தடவை உருவிப் பார்த்தார்.

"மிஸ், எனக்கு வெளங்குது" என்றார் தெரிந்த தமிழில். "ஆனா பைல் மேல போயாச்சு. இது எங்க சாமான் இல்லன்னு உங்க ஆபீஸே லெட்டர் குடுத்திருக்கு. நான் என்ன செய்ய?"

மறுநாள் பணிப்பாளர், அலுவலகச் சொத்தை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோனதற்காக என்னைக் கண்டித்தார். வாயால்தான் கண்டித்தார். எழுத்தில் எதையும் தரவில்லை. எழுத்து என்ன செய்யும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அத்தானைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. மாதம் ஒரு தடவை போய்க் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் ஆள் கொஞ்சம் சுருங்கியிருப்பார். நான் வேலையை விடவில்லை. எங்கள் வீட்டில் உழைத்தவள் நான் ஒருத்திதான். பணிப்பாளருக்குத் தேநீர் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, அவர் சொன்னதையெல்லாம் அடித்துக்கொண்டு, அதே மேசையில் ஒரு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒருநாள் அலுவலகத்தின் ஆண்டறிக்கை அச்சாகி வந்தது. வழுவழுப்பான தாள். பெட்டியை உடைத்துப் பிரதிகளை அடுக்குவது என் வேலை. நடுப்பக்கத்தைப் புரட்டியபோது நீலச் சவர்க்காரப் பெட்டி பக்கம் நிறைய இருந்தது. அதைப் பிடித்திருக்கும் ஒரு கை. பெருவிரலில் ஈயம் சுட்ட தழும்பு. அத்தானின் கை. கீழே, 'எமது மட்டக்களப்பு அலுவலகத்தில் உருவான உள்ளூர்ப் புத்தாக்கம்' என்று போட்டிருந்தது. கைக்கு உரியவரின் பெயர் இல்லை.

பிரதி ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அத்தானுக்காக வைத்திருந்த சட்டத்தரணியிடம் ஓடினேன். அந்த அம்மா பக்கத்தைப் பார்த்தார், கடிதத்தின் நகலைப் பக்கத்தில் வைத்தார், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதத்தானே பிள்ளை இவ்வளவு நாளாத் தேடினோம்" என்றார். அதன்பிறகும் நாலு தவணை போனது. பணிப்பாளரிடம் விளக்கம் கேட்டு நீதிமன்றத்திலிருந்து ஆள் போவதற்குள் அவர் வேறொரு நாட்டுக்கு மாற்றலாகிவிட்டார். போகும்போது எங்கள் எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. நான் காட்டிய எதிர்ப்பு அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த சில கிழமைகளில், குற்றம் எதுவும் இல்லை என்று அத்தானை விட்டார்கள். வீதியெல்லாம் கொடி கட்டியிருந்தது. இரவல் சேட்டுக்குள் அவர் ஒரு சிறுபிள்ளைபோல இருந்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருத்தினேன். ஊர்ப் பக்கம் வந்த பஸ் வெலிக்கந்தையைத் தாண்டியது. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், அந்தக் கடிதத்த அடிச்சது நான்."

"தெரியும், புள்ள" என்றார். "விசாரணையில காட்டினவங்க. அடியில உன்ட முதலெழுத்து இரிந்திச்சு."

கடிதங்களின் இடது மூலையில், அடித்தவரின் முதலெழுத்துகளைச் சின்னதாகப் போடுவது அலுவலக வழக்கம். பழக்கத்தில் அதையும் அடித்திருக்கிறேன்.

"என்னில கோவம் வரல்லியா?"

அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார். "இல்ல. நீ வேலையில இரிக்கா, உன்னை ஒண்டும் செய்யல்ல எண்டு அதப் பார்த்துத்தான் தெரிஞ்சிச்சு. அந்த எழுத்த இன்னொருக்காக் காட்டச் சொல்லிக் கேட்டன். அதுக்கும் அடிச்சவங்க."

இப்போது களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு கடை வைத்துக் கைத்தொலைபேசி திருத்துகிறார். யாரையும் பற்றிக் குறை சொல்லமாட்டார். நடந்ததை மறந்துவிடு என்று என்னிடமும் சொல்கிறார். நான் மறக்கமாட்டேன். அவர் படாத கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன். அதையாவது நான் செய்யவேண்டாமா?