நாற்பத்தோரு நிமிடம் இருபது விநாடி

காத்தவராயனைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியுமா என்று தெரியவில்லை. பதினோரு வருடம் ஒரே பள்ளியில், ஒரே அறையில், ஒரே பந்து மூட்டையைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை பார்த்தோம். அந்தப் பதினோரு வருடமும் எனக்கு அவன்மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்?

செங்கல்பட்டில் எங்கள் பள்ளிக்கு நாங்கள் இரண்டு டிரில் வாத்தியார்கள். ஜானகிராமனாகிய நான் மூத்தவன். அவன் எனக்கு இரண்டு வருடம் பின்னால் வந்து சேர்ந்தவன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் பிறந்தவன். அப்பாவுக்குக் கரைவலையில் பங்கு உண்டு. அம்மா குப்பம்மா மீன் கூடையைத் தலையில் வைத்து ஊருக்குள் விற்று வருவாள். மணலில் ஓடிப் பழகிய கால் பள்ளி மைதானத்தில் இறங்கியபோது யாராலும் பிடிக்க முடியவில்லை. அந்தக் கால்தான் அவனை உடற்பயிற்சிக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேலை கிடைத்த பிறகு, மேலே வர வேண்டும் என்று அவன் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை.

நான் அப்படியா இருந்தேன்? மூன்று ஆட்டங்களுக்கு நடுவர் பரீட்சை எழுதித் தேறினேன். சனி ஞாயிறு பார்க்காமல் காஞ்சிபுரம், மதுராந்தகம் என்று விசில் ஊதப் போனேன். வாங்கிய சான்றிதழ் ஒவ்வொன்றையும் துளை போட்டு ஃபைலில் கோத்தேன். என் பெண் முதல் அடி எடுத்து வைத்ததையே என் மனைவி வச்சலா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவனோ சனிக்கிழமை மதியம் மணி அடித்ததும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொள்வான். திங்கட்கிழமை காலையில் இன்னும் கொஞ்சம் கறுத்து, சிரித்தபடி வருவான்.

"லீவுல இன்னாடா பண்ண?" என்று கேட்பேன்.

"தூங்கினேன் அண்ணாத்த. மீன் துன்னேன். மறுபடி தூங்கினேன்."

இந்தத் தூங்குமூஞ்சியின் பிள்ளைகள்தான் மூன்று வருடம் தொடர்ந்து மாவட்டக் கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயித்தார்கள். என் கபடி அணிக்கு நான் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். எத்தனை மணிக்கு எழுவது, எத்தனை சுற்று ஓடுவது, எதைத் தின்பது எல்லாம் அதில் இருந்தது. முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினோம். என் அணிப் பையன்களே அவனைக் கண்டால் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடுவார்கள். என்னைக் கண்டால் சட்டைப் பித்தானைப் போடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எழுபத்தெட்டில் பிளஸ் டூ வந்தது. எங்கள் பள்ளி மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. அதோடு உடற்கல்வி இயக்குநர் என்று ஒரே ஒரு பதவி வந்தது. நிர்வாகக் குழு எங்கள் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் என்றார்கள். என்னிடம் ஃபைல் இருந்தது, அவனிடம் கோப்பை இருந்தது. நான் ஊதிய விசில் அத்தனையும் அந்த ஒரு பதவிக்காகத்தான். அது அவன் மடியில் போய் விழுந்துவிடுமோ என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

சனி ஞாயிறுகளில் அவனுடைய கயிற்று அணிப் பையன்கள் எட்டுப் பேரும் குப்பத்துக்குப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. ரகசியப் பயிற்சி ஏதோ நடக்கிறது என்று முடிவு கட்டினேன். சனிக்கிழமை பள்ளியின் ஸ்டாப் வாட்சைக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் போய்ச் சவுக்குத் தோப்பில் மறைந்து நின்றேன்.

பயிற்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடலில் விட்ட கரைவலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் குப்பத்து ஜனங்கள் இழுக்கத் தொடங்கினார்கள். நான் வாட்சை அமுக்கினேன். தெற்குக் கயிற்றில் எங்கள் பையன்கள் எட்டுப் பேர். குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னாலேயே நடந்து இழுப்பதும், கடைசி ஆள் முன்னால் ஓடிப் போய்ப் பிடிப்பதும், பாட்டும் கூச்சலுமாக இருந்தது. காத்தவராயன் விசிலும் இல்லாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களில் ஒருவனாக இழுத்தான். வலை கரையேறியதும் வாட்சை நிறுத்தினேன். ஆளுக்கொரு பங்கு மீன் கொடுத்தார்கள். கயிற்றில் கை வைத்தவன் யாராக இருந்தாலும் பங்கு உண்டு, அது அந்தக் கரையின் வழக்கம். சுட்டுத் தின்றுவிட்டு எல்லோரும் படகு நிழலில் படுத்துவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்குப் பெயர் வேலையா? இதற்கா கோப்பை?

அன்றே குப்பத்து மீனவன் ஒருவன் எழுதுவதுபோல இடது கையால் ஒரு மொட்டைப் பெட்டிசன் எழுதித் தலைமையாசிரியைக்குத் தபாலில் போட்டேன். மாணவர்களை விடுமுறையில் சொந்த வலைக்கு வேலை வாங்குவதாகவும், கூலியாக மீன் கொடுப்பதாகவும் எழுதினேன். ஆதாரம் வேண்டாமா? 'எட்டு மாணவர்கள், நாற்பத்தோரு நிமிடம் இருபது விநாடி' என்று சேர்த்தேன்.

புதன்கிழமை தலைமையாசிரியை சாரதாம்பாள் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் என் கடிதம் இருந்தது. 'இருபது விநாடி'க்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு. பக்கத்தில் ஸ்டாக் ரிஜிஸ்டர்.

"மீனவர் யாரும் விநாடிக் கணக்கு எழுத மாட்டாங்க, ஜானகிராமன். சனிக்கிழமை ஸ்டாப் வாட்ச் உங்க கையெழுத்துல வெளிய போயிருக்கு."

ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான் விசாரிச்சாகணும். நீங்களே இதக் காத்தவராயன் கையில குடுத்து, விளக்கம் எழுதி வாங்கிட்டு வாங்க."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவனிடம் கடிதத்தை நீட்டினேன். வெள்ளைக் கையோடு வாங்கி, உதட்டை அசைத்து எழுத்தெழுத்தாகப் படித்தான். பாதியில் அவன் கண் விரிந்தது.

"நாப்பத்தோரு நிமிசமா? மெய்யாலுமா? மின்னே எல்லாம் முக்கா மணிக்கு மேல ஆவுமே அண்ணாத்த! பசங்க தேறிட்டானுங்கோ!"

நான் தரையைப் பார்த்தேன்.

"உன்னத் தோப்புல பாத்தேன். வெளிக்கி வந்துகீறன்னு நெனச்சிகினு கூப்புடல" என்றான். பிறகு குரலைத் தணித்தான். "இதுக்கா இவ்ளோ பேஜாரு? அந்தப் போஸ்டு வேணாம்னு எழுதிக் குடுத்துப் பத்து நாளாச்சு. சனிக்கெழம மீட்டிங் கீதாம், ஞாயித்துக்கெழம டூர்னமென்டு கீதாம். என்னால ஆவாது. அது உன்னுதுதான், நீ அதுக்குன்னே பொறந்தவன்."

திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவன் திட்டாமல், கடிதத்தின் முதுகிலேயே விளக்கம் எழுதினான்: 'ஆமாம், இழுத்தார்கள். பங்கும் வாங்கினார்கள். நானும் வாங்கினேன்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

"ஒண்ணு கேக்கட்டா? இந்த ஞாயித்துக்கெழம அந்த வாட்ச எடுத்துகினு வா. மறஞ்சு நிக்காத. கிட்ட வந்து நில்லு."

நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாட்சை மட்டும் அவனிடம் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிறு மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் வாட்ச், இன்னொரு கையில் வாழை இலையில் சுற்றிய வவ்வால் மீன்.

"முப்பத்தொம்போது நிமிசம் அண்ணாத்த. இந்தா, உன் பங்கு."

"நான் கயித்துல கை வைக்கலியே."

"வாட்சு உன் கையெழுத்துல தானே வந்துச்சு? புடி."

வச்சலா குழம்பு வைத்தாள். அத்தனை வயிற்றெரிச்சலிலும் இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றேன்.

அடுத்த மாதம் பதவி வந்தது. அறைக் கதவில் என் பெயரைப் பெயின்டில் எழுதினார்கள். முதல் சனிக்கிழமை விளையாட்டுக் குழுக் கூட்டம், நான்தான் தலைமை. மணி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். எட்டுப் பையன்கள் பஸ்ஸுக்கு ஓட, காத்தவராயன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடினான். அவர்களோடு என் கபடிப் பையன்களும் நாலு பேர் ஓடினார்கள். என்னையறியாமல் சட்டைப் பையில் இருந்த வாட்சை அமுக்கிவிட்டேன். கூட்டம் முடிகிற வரை அது உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.