ஒன்றே முக்கால் மீட்டர் தண்ணீர்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் ஆழக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. தினமும் காலையில் படகில் போய், கப்பல் வரும் கால்வாயில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, கடல் வற்றும்போது எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒலியை அனுப்பி ஆழம் சொல்லும் மிஷின் ஒன்றும் உண்டு. ரிப்பேருக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

வாசலில் ஆள் உயரப் போர்டு: ‘ஆழம் ஒன்பது மீட்டர்.’ அவர் சேர்ந்த புதிதில் அது உண்மையாகவே இருந்தது. பிறகு மண் சேர ஆரம்பித்தது. முதல் தடவை எட்டே முக்கால் என்று எழுதிக்கொண்டு போனபோது அன்றைய அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “போர்டுல ஒன்பதுன்னு போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?” போர்டை மாற்ற மேலிடத்து உத்தரவு வேண்டும். மண்ணுக்கு அதெல்லாம் வேண்டியதில்லையே! ஆழக்காரர் அப்போதுதான் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். தலையைச் சொறிந்துகொண்டு ஒன்பது என்று திருத்தினார். திருத்திய கை பத்தொன்பது வருஷமாக நிற்கவில்லை.

சரி, கப்பல்கள் தரை தட்டவில்லையா? தட்டவில்லை. கப்பலை உள்ளே ஓட்டி வருகிற பைலட்டுகள் தினமும் கேன்டீனில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டீயை ஊதிக்கொண்டே, “அண்ணே, இன்னைக்கு எவ்வளவு?” என்பார்கள். அவர் உள்ளதைச் சொல்லிவிடுவார். பெரிய கப்பலாக இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடல் ஏறும்வரை வெளியே நிறுத்திவைப்பார்கள். ஆக, ஒரு நாட்டின் ஏற்றுமதி இறக்குமதி மொத்தமும் கேன்டீன் பெஞ்சில் நடந்தது. ரிஜிஸ்டர் மேலிடத்தின் மனநிம்மதிக்கு.

மண் அள்ளக் கப்பல் கேட்டு எழுதினால், “ஒன்பது மீட்டர் இருக்கும்போது எதற்கு?” என்று பதில் வரும். நியாயம்தானே! கடைசியில் ஒரு புத்திசாலி, ஒன்பதைப் பன்னிரண்டாக்கும் திட்டம் என்று பெயர் வைத்து எழுதினான். உடனே ஒப்புதல் வந்தது. தூர்வாரும் கப்பல் வெளிநாட்டிலிருந்து கிளம்பியும் விட்டது. அது மிதக்க எட்டு மீட்டர் தண்ணீர் வேண்டும். கால்வாயில் இருந்தது ஏழே கால். மண்ணை அள்ள வருகிற கப்பலுக்கு மண்ணே வழிவிடவில்லை.

இந்தக் கப்பலை உள்ளே கொண்டுவரும் பொறுப்பு ஆழக்காரரின் மருமகன் தலையில் விழுந்தது. மகளைக் கட்டியவர் பைலட். செவ்வாய்க்கிழமை மாலை மாமனார் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னார்:

“மாமா, நாளன்னைக்குப் பத்து மணிக்கு உள்ள கொண்டு வரணுமாம். அமைச்சர் அப்பதான் வர்றாராம்.”

“பத்து மணிக்குக் கடல் வத்திக் கிடக்குமே மாப்ளே! நாலு மணிக்குத்தான ஏறும்?”

“சொல்லிப் பாத்துட்டேன். ரிஜிஸ்டர்ல ஒன்பது இருக்கு, கப்பலுக்கு எட்டு போதும், அப்புறம் என்ன பயம்னு கேக்குறாங்க. முடியாதுன்னா சஸ்பெண்டாம். தட்டிடுச்சுன்னா என் லைசென்ஸ் போயிடும் மாமா.”

மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “நெஜத்தை எழுதிட வேண்டியதுதானப்பா? அதுல என்ன கஷ்டம்?”

“இன்னைக்குக் காலைலகூட ஒன்பதுன்னு எழுதியிருக்கேன்மா. நாளைக்கு ஏழே கால்னு எழுதினா, நடுவுல இருந்த தண்ணி எங்கன்னு கேப்பாங்க. பத்தொன்பது வருஷமும் வெளிய வந்துடும்.”

அவள் அப்பாவை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அது அவருக்குத் தாங்கவில்லை.

புதன் காலை ரிஜிஸ்டரில் ஏழே கால் என்று எழுதினார்.

பத்து நிமிஷத்தில் துறைமுகமே அமர்க்களப்பட்டது. மத்தியானத்துக்குள் மூன்று பேர் விசாரணைக்குழு உட்கார்ந்துவிட்டது. மிஷினை ரிப்பேர் பார்க்கப் பதினோரு வருஷம் போதாத இடத்தில், ஓர் ஆளை ரிப்பேர் பார்க்க மூன்று மணி நேரம் போதுமாக இருந்தது.

“ஒன்றே முக்கால் மீட்டர் தண்ணி ஒரே ராத்திரில எங்கய்யா போச்சு?” என்று தலைவர் மேஜையைத் தட்டினார்.

“நான்தான் குடிச்சேன்னு எழுதிக்குங்க!” ஆழக்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “பத்தொன்பது வருஷமா எழுதினது அத்தனையும் பொய்ங்க. நான் பொய்யன்தான், ஒத்துக்கிறேன். ஆனா பக்கத்துக்குப் பக்கம் ‘சரிபார்த்தேன்’னு கையெழுத்து இருக்கு பாருங்க, அது யாரோடதுன்னும் கொஞ்சம் படிங்க.”

படித்தார்கள். இரண்டு கையெழுத்துகள் அந்த மேஜைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தன. தலைவர் ரிஜிஸ்டரை மூடினார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று முடிந்தது. இரவோடு இரவாகக் கடலடி உயர்ந்துவிட்டது, இது இயற்கைப் பேரிடர், யார்மேலும் குற்றமில்லை என்று அறிக்கை தயாரானது. அமைச்சர் நான்கு மணிக்கு வருவார். நேரில் கண்ட சாட்சியாக ஆழக்காரர் ஒரு கையெழுத்துப் போட்டால் வேலையும் பென்ஷனும் பத்திரம்.

பேனாவை எடுத்தவர் கேட்டார்: “நாளைக்குக் காலைல ரிஜிஸ்டர்ல என்னங்க எழுதணும்?”

“பேரிடர் நீங்கியதுன்னு எழுதிட்டு, வழக்கம்போல ஒன்பது போட்டுடுங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “வேற சாட்சியைப் பாத்துக்குங்க.” அன்றே சஸ்பெண்ட் உத்தரவு கைக்கு வந்தது. சாட்சிக் கையெழுத்தை ஆபீஸ் தோட்டக்காரர் போட்டார். பாவம், அவருக்குக் கடல் என்றாலே குமட்டும்.

வியாழன் காலை ஆழம் எழுத ஆளில்லை. ரிஜிஸ்டரின் கடைசி வரி புதன்கிழமையோடு நின்றது. பைலட் கப்பலேறும்போது அந்தக் கடைசி வரியின் நகலைத்தான் வெளிநாட்டுக் கேப்டனிடம் காட்ட வேண்டும். அதுதான் சட்டம்.

நாலரைக்கு வீட்டில் போன் அடித்தது.

“மாமா, உள்ள கொண்டு வந்துட்டேன். எங்கயும் தட்டல.”

“கேப்டன் ஆழம் எவ்வளவுன்னு கேட்டாரா மாப்ளே?”

“எங்கிட்ட எதுவும் கேக்கல மாமா. நீங்க எழுதினதைப் படிச்சாரு, கடல் ஏறினதுக்கு ஒன்றரை மீட்டரைக் கூட்டிக்கிட்டாரு, சரி போலாம்னாரு.”

ஆழக்காரர் போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதார். மகள் பதறிப்போய் ஓடிவந்தாள்.

“ஒண்ணுமில்லம்மா,” என்றார் அவர். “என் ரிஜிஸ்டரை நம்பி ஒரு கப்பல் உள்ள வந்திருக்கு.”