தள்ளுபடி என்று ஒரு பொய்

அந்த வட்டாரத்தில் வாஷிங் மெஷின் நின்றுபோனால் திருகாணியைத்தான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அது இப்போது அவருக்கே யோசித்தால்தான் நினைவுக்கு வரும். எதைப் பார்த்தாலும் பின்பக்கம் திருப்பி, திருகாணி எங்கே இருக்கிறது என்று தேடுகிற மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? மெஷினைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆகும். அது ஏன் நின்றது என்று குடைந்து குடைந்து பார்க்க மூன்று மணி நேரம் ஆகும். கூலி மட்டும் அரை மணிக்குத்தான் வாங்குவார், அதில் குறை சொல்ல முடியாது.

"அதான் ஓடுதே, மூடிட்டுக் கிளம்புங்களேன்" என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சுவார்கள்.

"ஓடுதுங்க. ஏன் நின்னுச்சுன்னு தெரிய வேண்டாமா?" என்பார், தரையில் படுத்தபடியே.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயதாகியும் பிடிபடாத ஒரே விஷயம் அவருடைய மனைவி. அந்த அம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். ஊருக்கெல்லாம் அவர் சிஸ்டர். கோபம் வந்தால் திருகாணியும் அப்படித்தான் கூப்பிடுவார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். ஒரே மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரே இடத்தில் நாலு நாள் சும்மா இருந்ததே கிடையாது. சிஸ்டர் தன் லீவைப் பக்கத்து வீட்டுக்குக் காப்பிப்பொடி கொடுப்பது போலக் கொடுத்துவிடுவார். ஒரு நர்ஸுக்குத் தங்கை கல்யாணம், இன்னொருத்திக்குப் பரீட்சை, இன்னொருத்திக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். "நான் பார்த்துக்கிறேன், நீ போ" என்று சொல்லிவிட்டு வந்து, கட்டி வைத்த பெட்டியைப் பிரிப்பார். மலைக்குப் போக இரண்டு தடவை, மகள் வீட்டுக்குப் போக மூன்று தடவை அப்படிப் பிரித்தாயிற்று.

வேலையில்லாத நாளில் இவள் எப்படி இருப்பாள்? எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள்? எதைப் பற்றிப் பேசுவாள்? திருகாணிக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியவில்லையே என்பது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

சலவைக் கடை ஒன்றில் பெரிய மெஷினைக் கழற்றிப் போட்டிருந்த ஒரு பகல் பொழுதில், எதிர்க்கட்டடத்தின் கண்ணாடிக் கதவில் கப்பல் படம் ஒன்றைப் பார்த்தார். அடுக்கு மாடிக் கட்டடத்தை அப்படியே தூக்கிக் கடலில் வைத்தது போல ஒரு கப்பல். நாலு நாள் பயணம், மூவாயிரம் பேர் என்று போட்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நேரே உள்ளே போனார்.

"ஏம்மா, இந்தக் கப்பல்ல எத்தனை வாஷிங் மெஷின் இருக்கும்?"

டிக்கெட் போடும் பெண் திருதிருவென்று முழித்தாள். "சார், உங்களுக்கு டிக்கெட் வேணுமா?"

"அது அப்புறம். மூவாயிரம் பேர்னா மூவாயிரம் துண்டு, மூவாயிரம் படுக்கை விரிப்பு. யாரு துவைக்கிறா? தண்ணிக்கு என்ன பண்றாங்க?"

வேறொரு பெண்ணாக இருந்தால் விரட்டியிருப்பாள். இவள் நல்லவள். யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, கீழ்த்தளத்தில் சலவைக்கென்று தனிக்கூடமே இருக்கிறதாம், ராத்திரி பகல் ஓடுமாம் என்று சொன்னாள். திருகாணியின் முகம் கல்யாண மாப்பிள்ளை போல மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்புறம்தான் கட்டணத்துக்கு வந்தார்கள். இரண்டு விதம் என்றாள். ஒன்று தள்ளுபடி, இன்னொன்று முழுக் கட்டணம். இரண்டுக்கும் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்.

"ரெண்டும் வேற வேற கப்பலா?"

"ஒரே கப்பல்தான் சார்."

"சாப்பாடு?"

"அதே சாப்பாடுதான்."

"கட்டில்? மெத்தை?"

"எல்லாம் ஒண்ணுதான் சார்!"

"அப்போ அந்த மீதிக் காசு எங்க போகுது?"

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "தள்ளுபடின்னா, காசு கட்டினா கட்டினதுதான். போகலைன்னாலும் திரும்ப வராது. தேதி மாத்த முடியாது, பேர் மாத்த முடியாது. ரூமும் அவங்க கொடுக்கிறதுதான். முழுக் கட்டணம்னா ரூமை நீங்களே பார்த்து எடுத்துக்கலாம். கிளம்புறதுக்கு முப்பது நாள் முன்னாடி வரைக்கும் வேண்டாம்னு சொன்னா, மொத்தக் காசும் வந்துடும்."

"அவசரம்னாலுமா தள்ளுபடியில தர மாட்டாங்க?"

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தாலும் தர மாட்டாங்க சார்."

"அடேங்கப்பா! அப்போ வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் அத்தனை காசா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

திருகாணி ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வெளியே வந்தார். மனம் குதித்தது. தள்ளுபடி டிக்கெட்டைச் செய்தவன் தன் வீட்டுக்காரியைப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. காசு திரும்ப வராது என்றால் சிஸ்டரால் பெட்டியைப் பிரிக்க முடியாது. காசும் மிச்சம், பெண்டாட்டியும் கூட வருவாள். இதைவிட வேறென்ன வேண்டும்? மறுநாள் பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு, சலவைக் கடையில் கழற்றிப் போட்ட மெஷினை விசில் அடித்துக்கொண்டே பூட்ட ஆரம்பித்தார்.

ஆனால் பாதித் திருகாணி போட்டிருக்கும்போது கை நின்றது. பழைய நினைவு ஒன்று வந்துவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முந்தின சங்கதி அது. அவருடைய தம்பி கல்யாணத்துக்கு வெளியூர் போகவேண்டும். சிஸ்டர் அன்றைக்கும் தயங்கினார். மாதக்கணக்காகத் தான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு நாள் நெருங்கிவிட்டது, உடம்பும் சரியில்லை, கூட இருந்தால் தேவலை என்றார். திருகாணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரயில் டிக்கெட் எடுத்தாச்சு, காசு போனா வராது, எங்க வீட்டுக் கல்யாணம்னா உனக்கு இளக்காரமா?" என்று கத்தி, இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் திரும்பி வருவதற்குள் அந்தப் பெண் பிரசவத்தில் செத்துப்போய்விட்டாள்.

சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு மாதம் போல வேலைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எதையும் விடாமல் துருவித் துருவிக் கேட்கிற திருகாணி, நீ இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று மட்டும் கேட்கவில்லை. பதில் என்னவாக இருக்குமோ என்று பயம். பதினோரு வருஷமாக அந்தப் பக்கமே போகாமல் குடித்தனம் நடத்திவிட்டார்.

இப்போது மறுபடியும் காசைக் காட்டி அவளைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதா? அப்படி ஒன்று இந்தத் தடவையும் நடந்துவிட்டால்?

மறுநாள் முழுக் கட்டணம் கட்டினார். டிக்கெட் போடும் பெண்ணுக்கே ஆச்சரியம். "நேத்து தள்ளுபடின்னு சொன்னீங்களே சார்?"

"நேத்து சொன்னது நேத்தோட போச்சு. ரூமை நானே எடுத்துக்கலாம்ல? படத்தைக் காட்டு."

வீட்டுக்கு வந்து மட்டும் அப்பட்டமாகப் பொய் சொன்னார். "தள்ளுபடி டிக்கெட்டும்மா. போகலைன்னா ஒரு பைசா திரும்ப வராது. இந்தத் தடவை நீயே நினைச்சாலும் முடியாது." வார்டில் யாராவது லீவு கேட்டால் சிஸ்டர் சொல்வதற்கு ஒரு சாக்கு ஆயிற்று. நிஜமாகவே ஓர் ஆபத்து வந்தால் உண்மையைச் சொல்லி ரத்து செய்துவிடலாம். தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

சிஸ்டர் துணி மடித்துக்கொண்டே, "அப்படியா, சரி" என்றார். அவ்வளவுதான். அந்த "சரி"க்கு என்ன அர்த்தம் என்று திருகாணி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்.

முப்பது நாள் கெடு முடிவதற்கு முதல் நாள், சொல்லி வைத்தாற்போல வார்டிலிருந்து போன் வந்தது. திருகாணி அடுப்படியில் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். காது மட்டும் கூடத்தில் இருந்தது.

"இல்லம்மா. அந்த நாலு நாள் நான் இல்லை... ஆமா, நீ கேட்டு நான் இல்லைன்னு சொன்னதே இல்லைதான்... டிக்கெட் எடுத்துட்டாரு. காசு திரும்ப வராதாம். வேற யாரையாவது கேளு."

திருகாணி ஸ்பானரைக் கீழே போட்டார். கையில் குழாயோடு வந்து நின்றார். "ரொம்ப அவசரமா?"

"ஆள் கம்மியாம்."

"யாருக்காவது உடம்பு கிடம்பு...?"

"அதெல்லாம் இல்லை. தரையெல்லாம் தண்ணி, முதல்ல அதை மூடுங்க."

உண்மையைச் சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது. நாளையோடு கெடு முடிகிறது. சொன்னால் இவள் போனை எடுத்து, வருகிறேன் என்று சொல்லிவிடுவாள், பெட்டி ஆறாவது தடவையாகப் பரண் ஏறும். சொல்லாவிட்டால், மறுபடியும் இவளை ஏமாற்றி இழுத்துக்கொண்டு போகிற அதே ஆளாகிவிடுவோம். மனிதர் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளும் வாயைத் திறக்கவில்லை. கெடு முடிந்தது. ஆசைதான் ஜெயித்தது, அதற்காக அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

கிளம்பினார்கள். கப்பல் கரையை விட்டு விலகியதை மேல்தளத்தில் நின்று பார்த்தார்கள். பிறகு ரூமுக்கு வந்தார்கள். வட்டமான ஒரு ஜன்னல், இரண்டு கட்டில், ஒரு நாற்காலி. தரைக்குக் கீழே விடாமல் 'கும் கும்' என்று ஒரு சத்தம். திருகாணி சப்பணம் போட்டு உட்கார்ந்து தரையில் காதை வைத்தார்.

"பெரிய மெஷின். நாப்பது கிலோ போடலாம். ஒரு பேரிங் தேஞ்சிருக்கு" என்றார் பரவசமாக.

சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "ஏங்க, தள்ளுபடி டிக்கெட்டுக்கு ரூமை அவங்கதானே கொடுப்பாங்க? நம்ம ரூம் மட்டும் எப்படிங்க சரியா சலவைக் கூடத்துக்கு மேல வந்து உட்கார்ந்துச்சு?"

திருகாணி தரையிலிருந்து காதை எடுக்கவில்லை. எடுத்தால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"டிக்கெட் போட்ட பொண்ணு எனக்குப் போன் பண்ணினா. உங்களைக் கூப்பிட்டு நீங்க எடுக்கலையாம். 'மேடம், சார் கேட்ட ரூம்ல சத்தம் தாங்காது, முழுக் கட்டணம்தானே, வேற ரூம் மாத்தித் தரேன்'னா. இருக்கட்டும்மா, அவருக்கு அந்தச் சத்தம்தான் பிடிக்கும்னுட்டேன்."

"எப்போ?"

"நீங்க டிக்கெட் எடுத்த மூணாம் நாள்."

திருகாணி எழுந்து உட்கார்ந்தார். "அப்போ வார்டுலேருந்து போன் வந்தப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா காசு வராதுன்னு சொன்னே?"

"நீங்க மட்டும்தான் பொய் சொல்லலாமா? வரணும்னு தோணுச்சு, வந்தேன்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. "தள்ளுபடியே எடுத்திருப்பேன்மா. அந்த ரயில் டிக்கெட் நினைப்பு வந்துடுச்சு. காசு போயிடும்னு உன்னை இழுத்துட்டுப் போனேனே. அன்னைக்கு நீ அங்க இருந்திருந்தா..."

சிஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையா இத்தனை வருஷமா வச்சிட்டிருந்தீங்க?"

"இருந்திருந்தா பிழைச்சிருப்பாளா?"

"மாட்டா. பெரிய டாக்டர் மூணு பேர் கூடவே இருந்தாங்க. ரத்தம் நிக்கலை. வந்ததும் முதல் வேலையா எல்லாப் பேப்பரையும் வரி விடாமப் படிச்சேன். நான் இருந்திருந்தா அவ கையைப் பிடிச்சிட்டு இருந்திருப்பேன், அவ்வளவுதான். அது எனக்கு வருத்தம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே. ஊர்ல உள்ள மெஷினையெல்லாம் ஏன் ஏன்னு கேட்கிறீங்க, என்னைக் கேட்கலையே."

திருகாணி கழுத்துத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கீழே மெஷின் நின்று மறுபடி ஓட ஆரம்பித்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அவர் மனதில் முதல் தடவையாக வேறொரு கேள்வி வந்தது. இத்தனை வருஷத்தில் அது ஏன் தோன்றவே இல்லை என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

"குழந்தை?" என்றார்.

"இருக்கா. ஆறாவது படிக்கிறா" என்றார் சிஸ்டர். "வருஷா வருஷம் பிறந்தநாள் அன்னைக்கு அவ அப்பாவோட வார்டுக்கு வந்துடுவா. அம்மா எப்படிச் சிரிப்பாங்க, எப்படிப் பேசுவாங்கன்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருப்பா. அதனாலதான் அந்த நாள்ல மட்டும் நான் யாருக்கும் டியூட்டியை மாத்திக் கொடுக்கிறதில்லை."

"நான் வந்து பார்க்கலாமா?"

"வாங்க. அடுத்த மாசம்தான்."