தலையணையோடு வந்த புரதம்

போன ஞாயிறு தேக்கா கடைத்தெருவில் ஷாப்பிங். என் மனைவி, அவள் தங்கை கவிதா, இரண்டு பெரிய இலவம்பஞ்சுத் தலையணைகளைக் கட்டிப்பிடித்தபடி நான்.

சகோதரிகள் ஒரு கடை விடாமல் நுழைந்தார்கள். நான் எங்கே நுழைவது? வாசலிலேயே தலையணை இடித்தது. நேராக நடந்து, எம்ஆர்டி ரயில் நிலைய வாசலுக்கு முதல் ஆளாக வந்துவிட்டேன்.

அரை மணி கழித்து வந்த கவிதா சொன்னாள்: "அத்தான், எங்க லேப் கணக்குப்படி நீங்க நூத்தம்பது கிலோ."

"அடிப்பாவி, எண்பதுதான்!"

கவிதா மருந்து ஆராய்ச்சியில் இருக்கிறாள். ரத்தத்தில் சீக்கிரம் கரைந்துபோகும் ஒரு புரதத்துக்கு நீளமான வால் ஒட்டி, அதை உடம்பில் நாள்கணக்கில் தங்க வைக்கும் முயற்சி. எட்டு மாத உழைப்பு. அதன் மூலக்கூறு எடையை குரோமட்டோகிராபியில் பார்த்திருக்கிறார்கள். நுண்துளை மணிகள் நிரப்பிய ஒரு குழாய். சின்னப் புரதம் துளை துளையாக நுழைந்து தாமதமாக வரும். பெரியது நுழைய முடியாமல் முந்தி வரும். வந்த நேரத்தை வைத்து எடை.

இவளுடையது மிகவும் முந்திவிட்டது. எடை இரண்டு மடங்கு! "ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம், அப்புறம் தூக்கிப் போட்டுடு" என்றாராம் மேனேஜர்.

"ஒட்டல அத்தான். அந்த வால் தண்ணிய இழுத்து உப்பிடும். உங்க தலையணை மாதிரி... இடத்த அடைக்கும், அவ்வளவு வெயிட் இருக்காது. மெஷினுக்கு வால் இல்லாத புரதத்த வெச்சு அளவு சொல்லிக் குடுத்தாச்சு. அதான் தப்பு லா."

"சொல்லிக் கொடுத்தது யாராம்?"

கவிதா தலையணையைப் பார்த்தாள். "நான்தான்."

நான் சிரிக்கவில்லை. ஆபீசுக்கு முதலில் வருகிறவரெல்லாம் வெயிட்டான ஆள் என்று இருபது வருஷம் நம்பியவன், யாரைப் பார்த்துச் சிரிப்பது?

வழி இருந்தது. குழாயிலிருந்து வரும்போதே புரதத்தின் மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியை வைத்து எடை சொல்லும் கருவி. வந்த நேரத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. தோழியின் லேபில் கெஞ்சி, வியாழக்கிழமைக்கு இடம் பிடித்திருந்தாள்.

வியாழன் மாலை, புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டு போன் அலறியது.

"தனித்தனியாத்தான் இருக்கு அத்தான்! ஒட்டல! மேனேஜர் அடுத்த பேட்ச் பண்ணச் சொல்லிட்டாரு!"

குதித்தேன். "கீழ்வீட்டுக்காரங்க வந்துடுவாங்க" என்றாள் மனைவி.

அதே உற்சாகத்தில் நானும் எடை பார்க்கும் மெஷினில் ஏறினேன். எண்பத்தெட்டு.

கையில் தலையணை இல்லை.