பதில் வராத ரேடியோவும் எங்கள் பதினெட்டு நிமிடப் படமும்

ஹேண்டிகேம் பிடித்த விரல் மரத்துப்போகும் குளிர். பல வருடத்துக்கு முந்தைய ஒரு டிசம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் பார்க்கிங் லாட்... ஒரு கார் கிடையாது, ஒரு ஆள் கிடையாது. உலகம் அழிந்துபோனதைக் காட்ட அதைவிட நல்ல லொக்கேஷன் யாருக்குக் கிடைக்கும்?

ஒரு வாரமாக எல்லாரும் எனக்கு டிவியில் புதிதாக வந்திருக்கும் அந்த சீரிஸ் லிங்க்கையே ஃபார்வர்ட் பண்ணுகிறீர்கள். "நீங்க அப்பவே எடுத்த கதைதானே இது?" என்று வேறு கேள்வி. ஆமாம், அதே நாவல்தான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

என் அப்பா அம்மா பிறப்பதற்கு முன்பே வந்த இங்கிலீஷ் நாவல். கொள்ளை நோயில் ஊரெல்லாம் காலியான பிறகு ஒரே ஒரு பெண் மிஞ்சுகிறாள். தினமும் காலையில் ரேடியோவை ஆன் பண்ணி, நான் இங்கே இருக்கிறேன் என்று பேசுவாள். கடைசிப் பக்கம் வரைக்கும் பதில் வராது. மறுநாளும் பேசுவாள். அவ்வளவுதான் கதை.

எங்கள் வெஸ்ட் வின்ட்சர் பக்கத் தமிழ் குரூப்பில் அந்த வருடம் பொங்கல் விழாவுக்குக் குறும்படம் போடலாம் என்றார்கள். நான் உடனே கையைத் தூக்கிவிட்டேன். கதை வசனம் நான், கேமரா என் வீட்டுக்காரர்.

நடித்தவள் கோகிலா.

எங்கள் அபார்ட்மெண்டில் கீழ் வீடு. கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண். ஆகஸ்டில் அவள் கணவர் கார் ஆக்சிடெண்டில் போய்விட்டார். அவர் விசாவில் வந்தவள், பேப்பர் வேலையெல்லாம் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவளிடம் சும்மா பேச்சுவாக்கில் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத நானே நடிக்கட்டுங்களா அக்கா?" என்றாள். நான்கு மாதத்தில் அவளாக வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம்... முடியாது என்று சொல்ல மனசு வருமா?

ஷூட்டிங் ஒரே கூத்து. உலகத்தின் கடைசி மனுஷி தலை குனிந்து நடந்து வருகிறாள்... ஃப்ரேமுக்குள் ஒரு கார் நுழைகிறது. கண்ணாடியை இறக்கி ஒரு அங்கிள், "என்னம்மா, கார் ஸ்டார்ட் ஆகலயா? பேட்டரிக்குப் போட ஜம்பர் கேபிள் இருக்கு, தரட்டா?"

உலகமே அழிந்தாலும் நியூ ஜெர்சியில் ஒரு தமிழ் அங்கிள் ஜம்பர் கேபிளோடு வந்து நிற்பார்! கோகிலா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

படத்தை முதலில் கமிட்டிக்குப் போட்டுக் காட்ட வேண்டும். தலைவர் வீட்டு பேஸ்மெண்டில் எல்லாரும் பார்த்தார்கள். முடிந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நல்ல நாளும் அதுவுமா உலகம் அழியற கதையா? கடைசில யாராவது பதில் சொல்ற மாதிரி வச்சிடுங்க. எல்லாரும் சேர்ந்து பொங்கல் வைக்கற மாதிரி ஒரு ஷாட். ஜோரா இருக்கும்."

அதுகூடப் பரவாயில்லை. அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் ஆன்ட்டி, என்னைக் கிச்சனுக்குத் தள்ளிக்கொண்டு போனார். குரலை இறக்கி, "கோகிலாவத் தப்பா சொல்லல. பாவம், சின்னப் பொண்ணு. ஆனா பொங்கல் அன்னிக்கு அத்தனை பேரும் மொதல்ல பாக்கற முகம்... நீயே யோசியேன்" என்றார்.

எனக்கு சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்கிறேன், பின்னால் காபி கப்புகளோடு கோகிலா நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

கப்புகளை சிங்க்கில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "ஏனுங்க ஆன்ட்டி, பதில் வந்தா எனக்கும் சந்தோஷந்தானுங்க. வரலீங்களே. அதுக்காகப் பேசாம இருக்கோணுங்களா?"

ஆன்ட்டி ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

திரும்பும்போது காரில் வீட்டுக்காரர், "சின்ன மாத்தம்தானே, பண்ணிக் குடுத்துடலாமே" என்று இழுத்தார். "ஒரு ஷாட்டைத் தொட்டாலும் நான் மனுஷியாவே இருக்க மாட்டேன்" என்றேன்.

மாற்றாத படத்துக்கு ஆடிட்டோரியத்தில் இடம் இல்லை என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் போங்கள்! பொங்கல் அன்று ஹைஸ்கூல் கஃபெடீரியாவில், சாப்பாட்டு வரிசைக்கு எதிர்ச் சுவரில், இரவல் வாங்கிய ப்ரொஜெக்டரில் போட்டோம். யாரிடமும் பர்மிஷன் கேட்கவில்லை.

முதலில் ஒரே சத்தம், குழந்தைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. கொஞ்ச நேரத்தில் வரிசை நின்றுவிட்டது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு திரும்பி நின்றார். சுவர் முழுக்கக் கோகிலாவின் முகம். அவள் ரேடியோவில் பேசி, காத்திருந்து, பதில் வராமல் படம் முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. ஒருத்தரும் நகரவும் இல்லை. கோகிலா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தது.

மாசியில் அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

இப்போது வீட்டில் சுவர் அகலத்துக்கு டிவி. எட்டு எபிசோட், காலி நகரமெல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்திருக்கிறார்கள். எந்த அங்கிளும் குறுக்கே வர முடியாது. கடைசி எபிசோடில் அவள் ரேடியோவில் பேசுகிறாள்... ஒரு ஆண் குரல் பதில் சொல்கிறது! கூடவே வயலின், மழை.

நான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன். மகன், "ரிலாக்ஸ் அம்மா. பீப்பிள் நீட் ஹோப்" என்கிறான்.

"பதில் வரும்னு தெரிஞ்சு பேசறதுக்கு எதுக்குடா நம்பிக்கை?" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

கோகிலாவைக் கூப்பிட்டேன். கோபியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர் இப்போது. தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டாளாம். அதே சிரிப்பு. "இத்தன கோடி போட்டு எடுத்துப்போட்டு, கடைசில பயந்துட்டாங்களேக்கா!"

அன்றைக்கு எங்களிடம் ஒரு ஹேண்டிகேமும் வண்டி வண்டியாகக் கோபமும்தான் இருந்தன. இன்றைக்கு எல்லாம் இருக்கிறது... கதவைத் தட்டினால் திறக்கக் கீழ் வீட்டில் அவள்தான் இல்லை.

டேப்பை டிஜிட்டலாக மாற்றி வைத்திருக்கிறேன், எல்லாரும் பார்க்கப் போடட்டுமா என்று கேட்டேன்.

"போடுங்க்கா. எம்பட மூஞ்சிதான் மொதல்ல தெரியோணும்" என்றாள்.

லிங்க் முதல் கமெண்டில் இருக்கிறது. திறந்தவுடன் அவள்தான்.