பேப்பர் படிக்கும் களிமண் ஆள்

சாப்பாட்டு மேசையைத் துடைப்பது அவர் வேலை. தண்ணீர் மீட்டர் பார்க்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. வீடு வீடாகக் குனிந்து எண் பார்த்த மனிதர் இப்போது வீட்டுக்குள்ளேயே குனிந்து தூசி பார்க்கத் தொடங்கியிருந்தார். ஈரத் துணியோடு மேசையின் பாதிவரை வருவார். அங்கே குறுக்கே ஒரு நீல டேப் ஒட்டியிருக்கும். டேப்புக்கு இந்தப் பக்கம் சாப்பாடு, அந்தப் பக்கம் மனைவியின் சினிமா.

சினிமா என்றால் நான்கே நிமிடம். நடிகர்கள் எல்லோரும் களிமண், ஒரு சாண் உயரம். பொம்மையின் கையை நூலளவு நகர்த்தி ஒரு போட்டோ, இன்னொரு நூலளவு நகர்த்தி இன்னொரு போட்டோ. இப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு நொடி. ஒரு பொம்மை எழுந்துபோய்க் கதவைத் திறப்பதற்குள் வீட்டில் இரண்டு வேளைச் சமையல் முடிந்துவிடும்.

அவளுக்கு அலுவலகத்தில் 'பென்சில்' என்று பெயர். இருபத்திரண்டு வருடம் கார்ட்டூன் கம்பெனியில் இருந்தாள். ஒரு முயல் குதிக்க வேண்டுமென்றால், கிளம்புகிற முயலைப் பெரிய ஓவியர் வரைவார். தரையில் இறங்குகிற முயலையும் அவரே வரைவார். இடையில் அந்தரத்தில் இருக்கிற பதினோரு முயல்களும் இவள் தலையில். "குதிச்ச பேரும் அவருக்கு, இறங்கின பேரும் அவருக்கு. நடுவுல தொங்கினது நான்" என்பாள். அப்புறம், தொங்குகிற வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரே மாதத்தில் அது நின்றுபோனது. அதன் நொடிமுள்ளைக் கழற்றித்தான் முதல் படத்தின் நாயகனான கொசுவுக்கு மூக்கு வைத்தாள்.

அந்தக் கொசு ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும். அடுத்த படத்தில் இழுப்பறைக்குள் கிடந்து அலுத்துப்போன ஒரு கரண்டி வீட்டைவிட்டு ஓடிப்போகும். மூன்றாவதில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற ஒரு குண்டுப் பேய். நான்காவதில் சிரிப்பே கிடையாது. வாசலில் ஒற்றைச் செருப்பு, நான்கு நிமிடமும் மழை. அதைப் பார்த்துவிட்டு மகள் அழுதாள். கணவர், "இன்னொரு செருப்பு எங்க?" என்று கேட்டார்.

ஐந்தாவது படத்தில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். மனைவி கூப்பிடுகிறாள், அவர் நிமிரவில்லை. பாடுகிறாள், ஆடுகிறாள், திரைச்சீலைக்குத் தீ வைக்கிறாள். கடைசியில் ஒரு யானை கதவை உடைத்துக்கொண்டு வர, அவள் அதன் மேல் ஏறிப் போய்விடுகிறாள். அவர் அப்போதும் நிமிரவில்லை. அந்தப் பொம்மைக்கு வழுக்கை, தொப்பை, இடது காது மட்டும் கொஞ்சம் பெரிது. அந்த வீட்டில் அப்படிக் காது உள்ளவர் ஒருவர்தான்.

குறும்படப் போட்டிக்கு அனுப்ப அன்று மாலை ஆறு மணிவரைதான் நேரம். வெளி ஆட்கள் பார்க்கப்போகிற அவளுடைய முதல் படம். காலையிலிருந்து யானையை நகர்த்தி நகர்த்தி, அது வெளியே போகும் காட்சிக்கு நாற்பது போட்டோ எடுத்திருந்தாள். ஐந்தரைக்கு மகள் உள் அறையில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்து ஓட்டினாள்.

"அம்மா, இங்க வா. அப்பா திரும்பிட்டாரு."

"அவரு எங்கடி போனாரு, திரும்பறதுக்கு?"

"ஐயோ, படத்துலம்மா!"

யானை மேல் அவள் போகிறாள். களிமண் ஆள் பேப்பரிலிருந்து முகத்தைத் தூக்கி, மூன்று நொடிக்கும் மேல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையெல்லாம் யானையின் காலையே கவனித்துக்கொண்டிருந்ததில் இது அவள் கண்ணில் படவே இல்லை.

நேரே கூடத்துக்குப் போனாள். கணவர் நாற்காலியில் பேப்பரோடு இருந்தார்.

"என்னங்க, பொம்மையைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடுறேன்? காலையில அதோட தலையில தூசி இருந்துச்சு, துடைச்சேன்."

"டேப் எதுக்கு ஒட்டியிருக்கு?"

"அது தூசிக்குத் தெரியுமா?"

மகள் பின்னாலேயே வந்தாள். "அம்மா, சத்தியமா சொல்றேன், இதுதான் நல்லா இருக்கு. அப்படியே விட்டுடு."

"போடி! யானையே வந்தாலும் நிமிர மாட்டாருங்கிறதுதான்டி கதை."

"அப்போ நாப்பதையும் வெட்டணும். திரும்ப எடுக்க நேரமில்ல. அம்மா பொம்மை யானை மேல ஏறி, வீட்டுக்குள்ளயே நிப்பா. வெளிய போகவே மாட்டா. பரவாயில்லையா?"

நிமிராத புருஷனை வைத்துக்கொண்டால் பொம்மை மனைவி அந்தரத்தில் தொங்குவாள். அவள் போக வேண்டுமென்றால் அவர் நிமிர்ந்தாக வேண்டும். "யோசிக்கிறேன், போ" என்றாள். மகள் உள்ளே போனாள்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இந்தா, அந்தப் பொம்மை... அது நானா?"

அவர் நிமிர்கிறாரா என்று அவள் பார்த்தாள். மனதுக்குள் பன்னிரண்டு எண்ணினாள். ஒரு நொடிக்கு அவ்வளவு போதும். போனால் போகிறதென்று இன்னொரு பன்னிரண்டும் எண்ணினாள். அவர் பக்கத்தைப் புரட்டினார்.

உள்ளேயிருந்து மகள் கத்தினாள். "அம்மா, மணி ஆகுது! வெட்டவா, விடவா?"

"விடு. அப்படியே அனுப்பு. பொம்மையாச்சும் நிமிரட்டும்."

"கேட்டேனே," என்றார் அவர், இரண்டாம் பக்கத்துக்குள்ளிருந்து. "அது நானா?"

மேசையில் கிடந்த ஈரத் துணியை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.