கணினிக்குச் சுற்றிய பூசணிக்காய்

ராயபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்த காலம். எங்கள் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மறந்துவிடக் கூடாதென்று அதை ஒரு தாளில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டியிருந்தோம். ஆயுத பூஜையன்று அந்தத் தாளுக்கும் சேர்த்துப் பொட்டு வைத்தோம்.

ஒரு நாள் காலையில் எவனோ எங்கள் கணினிகளுக்குள் புகுந்து நோயாளிகளின் விவரங்களையெல்லாம் பூட்டிவிட்டு, திரையில் பணம் கேட்டிருந்தான். சர்க்கரைக்கு மருந்து எழுதி வாங்க வந்த மீன்கார அம்மா, தன் பிளாஸ்டிக் பையை என் முன் வைத்தார். அதில் பழைய சீட்டுகள் எல்லாம் தேதிவாரியாக இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் எங்கள் டாக்டர் அன்று மருந்து எழுதினார்.

ஒருவழியாகக் கணினிகள் சரியானதும் மேனேஜர் பாதுகாப்பைப் பலப்படுத்தினார். அதாவது, எல்லாக் கணினிக்கும் பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைத்தார். புது பாஸ்வேர்டை லேமினேட் செய்து மானிட்டரில் ஒட்டினார். பழைய தாள் கிழிந்திருந்ததுதான் குறை என்று நினைத்தார் போலும்.

அடுத்த முறை வந்த அந்த அம்மா அதை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது?" என்றார். கம்ப்யூட்டரைத் திறக்கும் பாஸ்வேர்டு என்றேன்.

"அத்த ஏன் ஊருக்கே தெரியிற மாதிரி ஒட்டி வச்சிகீறீங்க? என் ஏடிஎம் நம்பர என் புருசனுக்கே நான் சொன்னதில்ல."